தன்னையே பங்கு போட்டு வித்த ஆளும், நம்ம ஈ.சி.ஆர். பசங்களும்

கம்பெனி பங்கு வெளியிடும், நாம வாங்குவோம், அது விழும், நாம டீக்கடையில உட்கார்ந்து புலம்புவோம். இது தெரிஞ்ச கதை. ஒரு மனுஷன் தன்னையே ஒரு கம்பெனி ஆக்கி, தன் மேல பங்கு போட்டுப் பொதுஜனத்துக்கு வித்த கதை தெரியுமா உங்களுக்கு?

ஜஸ்டின் வில்சன்னு ஒருத்தர். இங்கிலாந்துல ஷெஃபீல்டுக்காரர், 1978-ல் பிறந்தவர். ஃபார்முலா 1 கார் ஓட்டணும்ங்கிறது அவர் ஆசை. ஓட்டத் தெரியுமான்னு கேட்டீங்கன்னா, ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழே அப்ப இருந்த ஃபார்முலா 3000-ல 2001-ஆம் வருஷ சாம்பியனே அவர்தான். அந்தப் பட்டத்தை ஜெயிச்ச முதல் பிரிட்டிஷ்காரரும் அவர்தான். ஆனா ஆள் 6 அடி 4 அங்குலம். ஃபார்முலா 1 கார்ல டிரைவர் உட்கார்ற பொந்து இருக்கே, அதுக்குள்ள அவ்வளவு நீளக் காலை மடக்கி வைக்கவே முடியல. சரி, ஒரு வழியா 2003-ல மினார்டிங்கிற கடைசி வரிசை டீம் அவருக்கு இடம் தரேன்னு சொல்லுச்சு. கூடவே, காசு கொண்டு வான்னும் சொல்லுச்சு.

எவ்வளவு? 12 லட்சம் பவுண்டு. அன்னிக்கு மதிப்புல நம்ம காசுக்கு ஒன்பது கோடி ரூபாய் கிட்ட. டிரைவருக்கு டீம் சம்பளம் குடுக்கறதுதானே நியாயம்னு நமக்குத் தோணும். அந்த உலகத்துல பின்வரிசை டீம்கள்ல பாதி நேரம் தலைகீழ்தான், டிரைவர்தான் டீமுக்குப் படியளக்கணும். வில்சன்கிட்ட அவ்வளவு காசு இல்ல. அதனால அவர் பேர்லயே கம்பெனி ஆரம்பிச்சு பங்கு வித்தாங்க. ரசிகர்கள் வாங்கினாங்க. பணம் சேர்ந்துச்சு, சீட்டும் கிடைச்சுது. அந்த டீம்ல இன்னொரு கார் ஓட்டினவர் யோஸ் வெர்ஸ்டாப்பன், அதாவது இப்ப சக்கைப்போடு போடற மேக்ஸோட அப்பா.

இப்ப நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். அதே 2003-ல் அதே மினார்டி டீம் இன்னொருத்தரையும் கூப்பிட்டுச்சு. நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன். ஆனா அவரால தேவையான பணத்தைத் திரட்ட முடியல. வில்சன் போனார், நரேன் போகல. ஃபார்முலா 1-ல முதல் இந்தியர்ங்கிற பேரு வர இன்னும் ரெண்டு வருஷம் ஆச்சு. 2005 மார்ச் 6, மெல்போர்ன், ஜோர்டான் டீம்.

இந்த ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கறது எனக்குப் பிடிச்ச பொழுதுபோக்கு. அவ்வளவு ஒத்துமை இருக்கு.

வில்சன் 2003 பாதியில மினார்டியிலேர்ந்து ஜாகுவாருக்குப் போனார். இண்டியனாபோலிஸ்ல எட்டாவதா வந்து ஒரே ஒரு பாயின்ட் வாங்கினார். அவரோட மொத்த ஃபார்முலா 1 வாழ்க்கைக்கும் அந்த ஒண்ணுதான். அடுத்த வருஷம் அந்த சீட், ரெட் புல் காசோட வந்த கிறிஸ்டியன் கிளியனுக்குப் போயிடுச்சு. நரேனும் 2005-ல அதே இண்டியனாபோலிஸ்ல நாலாவதா வந்து 5 பாயின்ட் வாங்கினார். அவருக்கும் மொத்தமே அவ்வளவுதான். 2011-ல ஹிஸ்பானியா டீம்ல ஓட்டிட்டு இருந்தப்போ பாதி சீசன்ல ரெட் புல் ஆதரவு இருந்த டேனியல் ரிக்கார்டோவுக்காக அவர் சீட்டும் கைமாறிச்சு. ஆக ரெண்டு பேருக்கும் பாயின்ட் குடுத்தது இண்டியனாபோலிஸ், ரெண்டு பேரையும் இறக்கி விட்டது குளிர்பானக் கம்பெனிக் காசு :-)

"நாலாவது என்ன பெரிய நாலாவது, அன்னிக்கு ஓடினதே ஆறு கார்தானே"ன்னு உடனே யாராவது கையைத் தூக்குவீங்க. தெரியும் சாமி. மிச்செலின் டயர் போட்ட 14 காரும் பாதுகாப்பு இல்லன்னு ரேஸ் ஆரம்பிக்கறதுக்குள்ள உள்ள போயிடுச்சு, பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறுதான் ஓடுச்சு. ஆனா அந்த ஆறுல ஒருத்தரா இருக்கறதுக்கு அவர் எத்தனை வருஷம் எங்கெங்க அலைஞ்சார்னு பாருங்க. ஸ்ரீபெரும்புதூர்ல ஃபார்முலா மாருதி, ஃபிரான்ஸ்ல ரேஸ் பள்ளிக்கூடம், 1994-ல பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடர்ல பட்டம், 1996-ல ஃபார்முலா ஆசியா பட்டம், அப்புறம் பிரிட்டிஷ் ஃபார்முலா 3, ஜப்பான்ல ஃபார்முலா நிப்பான், திரும்பவும் ஐரோப்பா. 2001-லயே சில்வர்ஸ்டோன்ல ஜாகுவார் காரை ஓட்டிக் காட்டியாச்சு, முதல் இந்தியரா. அதுக்கப்புறமும் பந்தயத்துல உட்கார நாலு வருஷம் காத்திருந்தார். ஆறு கார் ஓடின ரேஸ்ல நாலாவது வந்ததைக் கிண்டல் பண்றவங்க, இந்த நாலு வருஷத்தையும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம்.

நிற்க. நான் சொல்ல வந்தது நரேன் புராணம் இல்ல.

என் கேள்வி இதுதான். வில்சனுக்கு அவர் ஊர்ல இருந்ததும், நரேன் கடல் தாண்டிப் போய்த் தேடினதும் என்ன? திறமை, தைரியம், ராத்திரி தூக்கம் வராத ஆசை, இதெல்லாம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். வித்தியாசம் ஏணியில இருக்கு.

இங்கிலாந்துல எட்டு வயசுல கார்ட்டிங்ல ஆரம்பிக்கறான் பையன். லூயிஸ் ஹாமில்டன் அப்படித்தான். அவங்க அப்பா ஒண்ணுக்கு மேல வேலை பார்த்துப் பையனோட ரேஸுக்குச் செலவு பண்ணார்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா பையனுக்கு 13 வயசு ஆகும்போது, 1998-ல, மெக்லாரன் கம்பெனியே கைகுடுத்துத் தூக்கிடுச்சு. வில்சனுக்கும் அதே 1998-ல ஒரு அதிர்ஷ்டம். ஃபார்முலா பாமர் ஆடின்னு ஒரு புதுத் தொடர். அதை ஜெயிச்சார். அதுக்குக் கிடைச்ச பரிசு வெறும் கோப்பை இல்ல. அடுத்த வருஷம் ஃபார்முலா 3000-ல ஓட்டறதுக்கான இடம். ஒரு படியை ஜெயிச்சா அடுத்த படிக்கு டிக்கெட். இதைத்தான் ஏணிங்கிறேன்.

அந்த ஏணி எங்கேர்ந்து வந்துச்சு? இங்கதான் ஒரு சுவாரசியம். சில்வர்ஸ்டோன் என்பது இரண்டாம் உலகப் போர் சமயத்துல குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம். சண்டை முடிஞ்சதும் சும்மா கிடந்தது. பசங்க கார் எடுத்துக்கிட்டுப் போய் ஓட்ட ஆரம்பிச்சாங்க. 1950 மே 13-ஆம் தேதி ஃபார்முலா 1 உலக சாம்பியன்ஷிப்போட முதல் ரேஸ் அங்கதான் நடந்துச்சு. இன்னிக்கு ஃபார்முலா 1 டீம்கள்ல பெரும்பாலானதுக்கு வேலைக்கூடம் இங்கிலாந்துலதான், அதுலயும் பல சில்வர்ஸ்டோனைச் சுத்தி.

நம்ம சோழவரமும் அதே உலகப் போர் விட்டுட்டுப் போன ஓடுதளம்தான். சென்னைக்கு வடக்கே. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல ஆரம்பிச்சு அங்க ரேஸ் நடத்தினாங்க. ஜனம் அலைமோதுமாம், இப்பவும் பெருசுங்க கண்ணு விரிய சொல்லுவாங்க. 1990 வாக்குல ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறிடுச்சு. அங்க அதுக்குன்னே ஒழுங்கா கட்டின 3.7 கிலோமீட்டர் டிராக், நல்ல டிராக். குறை சொல்ல மாட்டேன். ஆனா அரை நூற்றாண்டுக்கு மேல ஆகியும் இந்த டிராக்குகள்லேர்ந்து ஃபார்முலா 1 வரைக்கும் போனவங்க ரெண்டே பேர். நரேன், கருண் சந்தோக். நரேனோட அப்பா பல தடவை தென்னிந்திய ராலி ஜெயிச்சவர். கருணோட அப்பாவும் ரேஸர், தாத்தா அந்த கிளப்பை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். அவங்க உழைப்பை நான் ஒரு துளி கூடக் குறைக்கல. ஏணி இல்லாத ஊர்ல ஏற்கெனவே மாடியில வீடு இருந்தவங்கதான் மாடிக்குப் போக முடிஞ்சுதுன்னு மட்டும் சொல்றேன்.

இப்ப எங்க ஊர்.

செங்கல்பட்டு ஒரு விசித்திரமான இடத்துல இருக்கு. கிழக்கே திருக்கழுக்குன்றம் வழியா முப்பது கிலோமீட்டர் போனா மாமல்லபுரம், ஈ.சி.ஆர். ரோடு. வடமேற்கே சிங்கப்பெருமாள்கோவில், ஒரகடம் வழியா ஒரு மணி நேரம் போனா இருங்காட்டுக்கோட்டை டிராக். ஒரு பக்கம் ரேஸ் ஓட்டக் கூடாத ரோடு, இன்னொரு பக்கம் ரேஸ் ஓட்டறதுக்குன்னே போட்ட ரோடு. நடுவுல நாம. எங்க ஊர்ப் பசங்க எந்தப் பக்கம் போறாங்கன்னு நான் சொல்லணுமா என்ன?

ஞாயித்துக்கிழமை விடிகாலை கோவளத்துலேர்ந்து மாமல்லபுரம் வரைக்கும் போய்ப் பாருங்க. திருவிடந்தை, வட நெம்மேலி, பட்டிபுலம், சாலவான்குப்பம்னு வரிசையா ஊருங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் குப்பம், இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். மீன் கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு அம்மாக்கள் ரோட்டைக் கடக்கணும், பள்ளிக்கூடப் புள்ளைங்க கடக்கணும். அந்த ரோட்டுலதான் நம்மாளு டேங்க் மேல படுத்துக்கிட்டு முள்ளு எங்க நிக்குதுன்னு பார்த்துக்கிட்டே பறக்கறான். பின்னாடி வர்றவன் அதை வீடியோ எடுக்கறான்.

வேகம்னா என்னன்னு நம்ம பக்கத்து ஜனத்துக்குப் பாடம் எடுக்கவே வேணாம். 2024 நவம்பர் 27, திருப்போரூர் பக்கம் பண்டிதமேடு. மாடு மேய்ச்சுட்டு ரோட்டோரமா உட்கார்ந்திருந்த அஞ்சு பொம்பளைங்க மேல வேகமா வந்த கார் ஏறி, அஞ்சு பேரும் போயிட்டாங்க. அது ரேஸ் இல்ல. வெறும் வேகம். அவங்க எந்தப் போட்டிக்கும் பேர் குடுக்கல, டிக்கெட் வாங்கிப் பார்க்கவும் வரல. இதை மறந்துட்டு "பசங்க துடிப்பு, வயசு அப்படி"ன்னு யாராவது சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அப்ப போலீஸ் போட்டு நொறுக்க வேண்டியதுதானேன்னா, சட்டம் ஏற்கெனவே இருக்கு. பொது ரோட்டுல பந்தயம் ஓட்டினா முதல் தடவை மூணு மாசம் வரைக்கும் ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், அல்லது ரெண்டும். 2019 திருத்தத்துல கூட்டினது. ஓட்டினது சின்னப் பையன்னா வண்டி குடுத்த அப்பாவுக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு. போலீஸும் அப்பப்ப பேரிகேட் போட்டுப் புடிக்கறாங்க, வண்டியைப் பறிமுதல் பண்றாங்க. பண்ணட்டும், இன்னும் பண்ணணும். ஆனா ஒரு வாரம் கெடுபிடின்னா அடுத்த வாரம் வேற ரோடு. வாய்க்காலே வெட்டாம மதகை மட்டும் மூடினா தண்ணி கரையை உடைச்சுக்கிட்டுத்தான் போகும்.

அந்தப் பசங்க யாருன்னு கொஞ்சம் பாருங்க. எல்லாரும் அப்பா காசுல மூணு லட்ச ரூபாய் பைக் வாங்கினவங்க இல்ல. மறைமலைநகர், ஒரகடம் கம்பெனிகள்ல கான்ட்ராக்ட்ல வேலை பார்க்கறவன் இருக்கான். ஐ.டி.ஐ. முடிச்சுட்டு மெக்கானிக் கடையில கை கறுப்பாக்கிட்டு நிக்கறவன் இருக்கான். சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு தகராறுன்னு சொல்ற பையனை எங்க தெரு முனையிலயே காட்டறேன். காரும் பைக்கும் டயரும் நம்மைச் சுத்தி மலை மாதிரி உற்பத்தி ஆகுது. ஹூண்டாய், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் எல்லாம் கூப்பிடு தூரம். ஆசியாவின் டெட்ராயிட்னு நாமளே பட்டம் குடுத்துக்கிட்டோம். ஆனா வண்டியை முடுக்கறவனுக்கு அதை எங்க ஓட்டிப் பார்க்கறதுன்னு சொல்ல ஆள் இல்ல. அவனுக்கு இருங்காட்டுக்கோட்டைன்னா பஸ் ஸ்டாப்பிங், அவ்வளவுதான்.

பைக் பக்கம் நிலைமை கொஞ்சம் பரவாயில்லங்கிறதையும் சொல்லிடணும். டி.வி.எஸ்., ஹோண்டா மாதிரி கம்பெனிகள் தங்களோட ஒரே மாடல் வண்டிகளை வெச்சு ரேஸ் நடத்தறாங்க, தேர்வு வெச்சு ஆள் எடுக்கறாங்க. சென்னைக்காரர் ஜெகன் குமார் அப்படித்தான் டி.வி.எஸ். அணிக்காகப் பல தடவை தேசிய சாம்பியன் ஆனார். கார்ட்டிங்குக்கும் இருங்காட்டுக்கோட்டையிலேயே இப்ப தனிக் களம் வந்திருக்கு. ஆக அடிப்படை இல்லாம இல்ல. அது சாதாரணப் பையன் எட்டற உயரத்துல இல்ல, அதான் கோளாறு.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகள்ல சென்னை தீவுத்திடலைச் சுத்தி மூணரை கிலோமீட்டர் ரோட்டை மறிச்சு ராத்திரி ரேஸ் நடத்தினாங்களே, நினைவிருக்கும். மழைக்காலத்துல ஊர் மிதக்கும்போது இது தேவையான்னு ஒரு கூட்டம், சென்னைக்கே பெருமைன்னு ஒரு கூட்டம். நான் ரெண்டுலயும் இல்ல. லைட் வெளிச்சத்துல நேப்பியர் பாலம் பக்கம் கார் பறந்தது அழகாத்தான் இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா வேலிக்கு வெளிய நின்னு அதைப் பார்த்த பையன் அடுத்த நாள் என்ன பண்ணுவான்? அவனுக்கு ஆசையை மூட்டி விட்டாச்சு, படியைக் காட்டல. அவன் படி தேடி எங்க போவான்? பைக் சாவியை எடுத்துக்கிட்டு ஈ.சி.ஆருக்குத்தான்.

என்ன பண்ணலாம்? எனக்குத் தோணறது மூணு.

ஒண்ணு, மாசத்துல ஒரு நாள் டிராக்கை உள்ளூர்ப் பசங்களுக்குத் திறந்து விடணும். அரசு விளையாட்டுத் துறை அன்னிக்கு வாடகையைக் கட்டட்டும். லைசென்ஸ், வண்டி சோதனை, ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் கட்டாயம். ஜாக்கெட் இல்லாதவனுக்கு அங்கயே வாடகைக்கு. ஒரு பயிற்சியாளர் முன்னாடி ஓட்ட, பின்னாடி வரிசையா. ஒரே நாள்ல பாதிப் பேருக்குத் தனக்கு ஓட்டத் தெரியாதுன்னு தெரிஞ்சிடும். அதுவே பெரிய லாபம். நேர் ரோட்டுல முறுக்கறது யாருக்கும் வரும், வளைவுலதான் வண்டவாளம் தெரியும்.

ரெண்டு, அதுல நல்லா ஓட்டறவனுக்கு அடுத்த படி. வில்சனுக்குக் கிடைச்ச மாதிரி, ஜெயிச்சா கோப்பை வேணாம், அடுத்த தொடர்ல ஒரு சீட் வேணும். நம்மைச் சுத்தி இருக்கற வண்டிக் கம்பெனிகளுக்கு இது விளம்பரச் செலவுல ஒரு மூலைக்குக் கூடக் காணாது.

மூணு, ஓட்டறது மட்டும் ரேஸ் இல்ல. மெக்கானிக், டயர் ஆள், கொடி காட்டற மார்ஷல், டேட்டா பார்க்கற இன்ஜினியர்னு ஒரு காருக்குப் பின்னாடி ஒரு ஊரே நிக்கும். அந்த சத்தம் கேட்டு வால்வு சொல்ற பையனுக்கு டிரைவர் சீட்டை விட அங்கதான் வாழ்க்கை. இங்கிலாந்து ரேஸ்ல சம்பாதிக்கறது பத்து டிரைவரால இல்ல, ஆயிரக்கணக்கான இந்த மாதிரி ஆளுங்களாலதான்.

"பணக்காரன் விளையாட்டுக்கு வரிப்பணமா"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். பணக்காரனுக்கு வரிப்பணம் வேணாம், அவன் எப்படியும் டிராக்குக்குப் போயிடுவான். பணம் இல்லாதவன்தான் ரோட்டுக்கு வர்றான், ரோட்டுல அவன் கூடச் சேர்ந்து மீன் கூடைக்காரம்மாவும் சாகறாங்க. கணக்கு அங்க ஆரம்பிக்குது.

டிராக்குன்னா உயிருக்கு உத்தரவாதமான்னும் கேளுங்க. இல்ல. 2023-ல அதே இருங்காட்டுக்கோட்டையில ஜனவரியில மூத்த டிரைவர் கே.ஈ. குமார் ரேஸ்ல போயிட்டார். ஆகஸ்ட்ல பெங்களூரிலேர்ந்து வந்த 13 வயசுப் பையன் பைக் ரேஸ்ல போயிட்டான். பதிமூணு வயசு. அந்தச் செய்தியைப் படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்கு ரேஸ் பேச்சே எடுக்கப் பிடிக்கல. சின்னப் புள்ளைங்களை எந்த வயசுல எவ்வளவு பெரிய இன்ஜின் மேல ஏத்தறதுங்கிற கேள்விக்கு நம்ம அமைப்புகள் இன்னும் உரக்கப் பதில் சொல்லணும். ஆனா அங்க கொடி காட்ட ஆள் இருக்கு, ஆம்புலன்ஸ் நிக்குது, எதிர்ல லாரி வராது. முக்கியமா, விளையாட்டுல சேராதவங்க யாரும் அங்க சாகறதில்ல.

வில்சன் கதையை நான் பாதியில விட்டுட்டேன். ஃபார்முலா 1 கதவு மூடினதும் அமெரிக்கா போனார். சேம்ப் கார்ல நாலு, இண்டிகார்ல மூணுன்னு ஏழு ரேஸ் ஜெயிச்சார். பெரிய டீம்களுக்கு நடுவுல டேல் காய்ன்ங்கிற சின்ன டீமுக்கு 2009-ல முதல் வெற்றியை வாங்கிக் குடுத்தவர். 2015 ஆகஸ்ட் 23, போக்கோனோ டிராக். முன்னாடி போன கார் சுவத்துல மோதி, உடைஞ்சு பறந்த துண்டு அவர் ஹெல்மெட்ல விழுந்துச்சு. மறுநாள் இறந்துட்டார், 37 வயசு. அவரோட உறுப்புகளைத் தானம் பண்ணாங்க. ஃபார்முலா 1-ல டிரைவர் தலைக்கு மேல வளையம் மாதிரி ஒண்ணு 2018-லேர்ந்து வந்திருக்கே, இந்த மாதிரிச் சாவுகள் எல்லாம் சேர்ந்துதான் அதைக் கொண்டு வந்துச்சு. அங்க ஒருத்தர் செத்தா, அடுத்தவன் சாகாம இருக்க என்ன பண்றதுன்னு உட்கார்ந்து யோசிக்கறாங்க. ஈ.சி.ஆர்.ல ஒருத்தன் செத்தா மின்கம்பத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டறோம். அது வெயில்ல வெளுக்கறதுக்குள்ள அடுத்த போஸ்டர்.

நரேனுக்குப் பத்மஸ்ரீ குடுத்தோம், 2010-ல. நல்லது. ஆனா ஒரு நரேன் வந்துட்டார்ங்கிறதுல பெருமைப்பட்டு நிறுத்திக்கறதுதான் நம்ம வியாதி. இருபது வருஷம் தாண்டிடுச்சு அவர் மெல்போர்ன்ல ஓட்டி. அவரும் கருணும் ஆக மொத்தம் ரெண்டு, மூணாவது பேரு இன்னும் வரல. வரணும்னு கூட நான் கேக்கல. ஞாயித்துக்கிழமை காலையில திருக்கழுக்குன்றம் ரோட்டுல கிளம்பற பையன் கிழக்கே திரும்பாம வடமேற்கே திரும்பறதுக்கு ஒரு காரணம் குடுங்கன்னுதான் கேக்கறேன்.

உங்க ஊர்ல எப்படி? கோவை மக்கள் யாராவது செட்டிப்பாளையம் டிராக்குல உள்ளூர்ப் பசங்களுக்கு இடம் கிடைக்குதான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன். வீட்டுல பைக் கேட்டு அழுத்தற பையன் இருந்தா, முதல்ல அவனுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் குடுங்க. பைக் அப்புறம் பார்த்துக்கலாம்.